வால்யூம் பெடல் வரலாறும் ஒரு வலது காலின் வழக்கும்

மார்ச் 4

அன்புள்ள திருப்புளிக்கு,

உன் மாமாவாகிய நான் ஆம்ப்ளிஃபயர் மேல் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன். இந்தக் கடிதத்தில் நான் எழுதப்போகும் வரலாற்றை உலகத்தில் ஒருவரும் நம்பப்போவதில்லை. நீ நம்பமாட்டாய். உன் முதலாளி இரண்டாவது வரியிலேயே எழுந்து போய்விடுவார். எழுதி முடித்துவிட்டுப் படித்துப் பார்த்தால் நானே நம்புவேனா என்பது சந்தேகம்தான். ஆனாலும் வரலாறு என்னை விட்டால் வேறு யாரிடம் போகும்?

பழுதுபார்க்கும் கடையின் கண்ணாடி அலமாரியில் பழைய வால்யூம் பெடல்களை வரிசையாக வைக்கப்போகிறோம், பக்கத்தில் மாட்டுவதற்கு ஸ்டீல் கிட்டாரில் அந்தப் பெடல் வந்த கதையை அரைப் பக்கம் எழுதித் தாருங்கள் மாமா என்று கேட்டிருந்தாய். அரைப் பக்கம்! யானையை மடித்துச் சட்டைப் பையில் வைக்கச் சொல்கிறாய். சரி, கையில் திருப்புளியோடு பிறந்த அக்கா மகளாகப் போய்விட்டாய், மடித்துத்தான் பார்க்கிறேன்.

மற்ற கிட்டார்களை மார்போடு அணைத்துக்கொள்வார்கள். ஸ்டீல் கிட்டாரை மட்டும் மல்லாக்கப் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் ஓர் இரும்புக் கட்டையை வழுக்க விடவேண்டும். படுத்துக்கொண்டே சம்பாதிக்கும் வாத்தியம் உலகத்தில் இது ஒன்றுதான். அழுவதில் இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒரு குறை. தட்டிய மாத்திரத்தில் 'டொய்ங்' என்று அலறும், அடுத்த நொடியே மூச்சு வாங்கித் தேயும். நல்ல அழுகை அப்படியா இருக்கும்? மெல்லத் தொடங்கிப் போகப் போக அல்லவா ஏறவேண்டும்?

அந்தக் காலத்துக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மற்ற விரல்கள் கம்பியைத் தட்டும்போதே, வலது சுண்டு விரலால் வால்யூம் திருகைச் சுற்றினார்கள். தட்டும்போது சத்தத்தை அடக்கி, ஸ்வரம் தேயத் தேயத் திருகை ஏற்றினார்கள். அலறல் மறைந்து அழுகை மட்டும் மிஞ்சியது. இதன் விளைவாக அவர்களின் சுண்டு விரல் வளர ஆரம்பித்தது. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அது நடு விரலைத் தாண்டி, குனியாமலே செருப்பை மாட்டிக்கொள்ளும் நீளத்துக்கு வந்துவிட்டது. அவர் கை குலுக்கினால் நமக்கு முழங்கை வரைக்கும் குலுங்கும். மூடி திறக்காத பாட்டில்களை அந்தத் தெருவே அவரிடம்தான் கொண்டுவந்து கொடுக்கும்.

அப்போது கால் என்ன செய்துகொண்டிருந்தது? இரண்டு கையும் ஒரு சுண்டு விரலும் உயிரை விட, கால் மட்டும் கீழே உட்கார்ந்து சும்மா தாளம் போட்டுக்கொண்டிருந்தது. தேவாலயத்து ஆர்கன்காரர் பல காலமாகவே காலால் ஒரு பலகையை மிதித்து, குழாய்களுக்கு முன்னால் இருக்கும் மரக் கதவுகளைத் திறந்து மூடி, சத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார். அதை யாரோ ஒரு ஸ்டீல் கிட்டார்காரர் பார்த்து, 'அடடா, நம்ம காலுக்கும் வேலை குடுக்கலாமே' என்று நினைத்தார். அன்றைக்குப் பிறந்ததுதான் வால்யூம் பெடல்.

முதலில் வந்த பெடல்களுக்குள் ஒரு கயிறு இருக்கும். மிதித்தால் கயிறு இழுபட்டு வால்யூம் கண்ட்ரோலைச் சுற்றும். பாட்டின் உச்சத்தில் அந்தக் கயிறு அறும். ஒருவர் ஷூ லேஸைக் கழற்றிக் கட்டிக்கொண்டு பாட்டை முடித்துவிட்டார், கைதட்டலுக்கு எழுந்து நின்றபோது ஷூ ஒரு பக்கம் போயிற்று, அவர் ஒரு பக்கம் போனார். பிறகு கயிறே இல்லாமல், உள்ளே ஒரு சின்ன விளக்கை எரியவிட்டு, அந்த வெளிச்சத்தை மறைத்தும் திறந்தும் சத்தத்தை ஆளும் பெடல்கள் வந்தன. என் நண்பனின் விளக்குப் பெடலுக்குள் ஒரு அந்துப்பூச்சி குடியேறியது. அது சிறகடிக்கும்போதெல்லாம் ஸ்வரம் நடுங்கும். சபை சொக்கிப்போய் எழுந்து நின்றது. மறுநாள் முதல் அந்தப் பூச்சி சம்பளத்தில் பங்கு கேட்டது.

இப்போதைக்கு இது போதும். உன் அத்தை எப்போது வருகிறாள்? ஒரு வாரம் உன்னோடு இருந்துவிட்டு வருகிறேன் என்று போனவள், இரண்டாவது வாரத்தையும் விழுங்கிவிட்டாள். அவள் இல்லாததால் காரில் பின் ஸீட் காலியாக இருக்கிறது. என் வலது கால் ஆக்ஸிலரேட்டரையும் வால்யூம் பெடல் என்றே நினைப்பதால் கார் விம்மி விம்மித்தான் போகும், முன்னால் உட்கார்ந்தால் குமட்டுகிறது என்று பின்னால்தான் உட்காருவாள் அல்லவா? இப்போது நான் மட்டும் தனியாக விம்மிக்கொண்டு போகிறேன்.

பதிலைக் கடிதமாகவே எழுது. தொலைபேசியில் கூப்பிடாதே. பெடல் இல்லாத கருவியை நான் மதிப்பதில்லை.

இப்படிக்கு,
சுண்டு விரல் யுகத்தின் கடைசிச் சாட்சி,
உன் மாமா


மார்ச் 10

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் வரலாறு கிடைத்தது. முதலாளி படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியதாயிற்று. கடைசியில், "இதை மாட்டினா ஜனங்க பெடல் வாங்க வரமாட்டாங்கம்மா, பூச்சியைப் பார்க்கத்தான் வருவாங்க" என்றார். ஆர்கன், சுண்டு விரல், கயிறு, விளக்கு என்று அதில் உண்மையாக இருந்தவற்றை மட்டும் பொறுக்கி நானே எழுதிக்கொள்கிறேன். உங்கள் பழைய பெடலை அனுப்பினால் அதையும் அலமாரியில் வைக்கலாம்.

இனி சிரிப்பு இல்லாத விஷயம். இதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆரம்பித்து வைத்தது நான்தான்.

போன வாரம் அத்தை எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். நான் ஒரு பெடலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். "இதை எப்படிடி மிதிக்கிறது?" என்று கேட்டார். "விரல் பக்கம் அழுத்தினா சத்தம் கூடும் அத்தை. குதிகால் பக்கம் அழுத்தினா குறையும்" என்றேன்.

"எல்லாப் பெடலும் இப்படித்தானா?"

"எல்லாம் இப்படித்தான்."

"உங்க மாமாவோடதும்?"

"அவருக்கு மட்டும் தனியாவா செய்வாங்க?" என்று சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பாட்டுப் பாத்திரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு அதன் மூடியைத் திறந்து திறந்து மூடினார். பிறகு ஆரம்பித்தார்.

"சாப்பாட்டு மேஜைக்குக் கீழே பார்த்திருக்கேன்டி. நான் வாயைத் திறந்தா போதும், உங்க மாமாவோட வலது குதிகால் தரையில அழுந்தும். நான் பேசப் பேச அழுந்திக்கிட்டே போகும். செருப்புல குதிகால் பக்கம் மட்டும் தேஞ்சு கிடக்கு. நான் என்னவோ நரம்பு இழுக்குதாக்கும்னு தினம் உக்கார்ந்து தைலம் தேச்சு விட்டேன். என் பேச்சைக் குறைக்கிறதுக்கு நானே எண்ணெய் போட்டுக் குடுத்திருக்கேன்!"

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் இருந்த புடவைகளை எடுத்து என் அலமாரியில் அடுக்கிவிட்டார். என் புத்தகங்கள் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. "நான் பேசுறது பாரமா இருந்தா வாயால சொல்லியிருக்கலாம். காலால சொன்ன மனுஷனோட இனிமே என்ன இருக்கு? வரலைன்னு எழுதிடு" என்கிறார். எழுதிவிட்டேன்.

கோபமாக இருந்தால்கூடச் சமாளிப்பேன் மாமா. அத்தை இப்போது குறைவாகப் பேசுகிறார். என்னிடமும் குறைவாகத்தான் பேசுகிறார். என்னால் தாங்க முடியவில்லை. ஏதாவது செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 14

அன்புள்ள திருப்புளிக்கு,

கடிதத்தைப் படித்ததும் என் வலது காலை நாற்காலியில் உட்கார வைத்து விசாரித்தேன். இடது காலைச் சாட்சியாக நிறுத்தினேன். இரண்டும் ஒன்றையொன்று காட்டிக்கொடுக்க மறுக்கின்றன. ஆகவே காலின் சார்பில் நானே வாதாடுகிறேன். அத்தையிடம் சத்தமாகப் படித்துக் காட்டு.

நம் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே ஒரு எறும்பு இருக்கிறது. சாதாரண எறும்பு இல்லை, தீப்பெட்டி அளவு இருக்கும். அது உன் அத்தையின் பேச்சில் மயங்கி, அவள் பேசும்போது மட்டும் வெளியே வருகிறது. அவளைக் கடித்துவிடக்கூடாதே என்று அதன் வழியைக் குதிகாலால் அடைத்தேன். நம்பவில்லையா? சரி. அந்த இடத்தில் தரைக்கல் ஒன்று ஆடுகிறது. நான் காலை எடுத்தால் வீடே ஒரு பக்கமாகச் சாயும், இத்தனை காலமாக மூன்று மாடியையும் தாங்கி நிற்பது என் குதிகால்தான். அதுவும் இல்லையா? அப்படியென்றால் மருத்துவர் சொன்னார் என்று வைத்துக்கொள். இனிமையான குரலைக் கேட்கும்போது இரத்தம் தலைக்கு ஏறும், அதைக் கீழே இழுத்துப் பிடிக்கக் குதிகாலை அழுத்தவேண்டும் என்றார்.

உன் அத்தை இந்நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பாள். திரும்பாதே என்று சொல். இனிமேல் எழுதுவது நிஜம்.

என் பெடல் தலைகீழ். மற்ற எல்லாப் பெடல்களிலும் விரல் பக்கம் கூடும், குதிகால் பக்கம் குறையும். என்னுடையதில் விரல் பக்கம் குறையும், குதிகால் பக்கம் கூடும். அதை நானே செய்தேன். வால்யூம் கண்ட்ரோலுக்கு ஒயர் பற்றவைக்கும்போது பெடலைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தேன், இடது வலதாகிவிட்டது. சோதித்துப் பார்க்க நேரமில்லாமல் அப்படியே தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனேன். முதல் பாட்டில் ஆசையாக விரலை அழுத்தினேன், வாத்தியம் செத்துப்போயிற்று. பதறிப்போய்க் காலைப் பின்னால் இழுத்தேன், குதிகால் பட்டதும் கூடமே அதிர்ந்தது. அன்று கச்சேரி முடிவதற்குள் கால் பழகிவிட்டது. மறுநாள் ஒயரை மாற்ற உட்கார்ந்தபோது, கால் மாறமாட்டேன் என்று அடம்பிடித்தது. விட்டுவிட்டேன். வாத்தியத்துக்கு முன்னால் துணி தொங்குவதால் யாருக்கும் தெரியாது. உன் அத்தைக்குக்கூடச் சொன்னதில்லை. ஸ்டீல் கிட்டார் மேதை ஒயரை மாற்றிப் பற்றவைத்தான் என்று சொல்லிக்கொள்வதற்கா கல்யாணம் செய்துகொண்டேன்?

ஆகவே குதிகால் அழுந்தியபோது நான் அவளைக் குறைக்கவில்லை. ஆதாரமாகப் பெடலையே பார்சலில் அனுப்புகிறேன். திறந்து பார்.

ஏரிக்கரை உணவகத்தில் சனிக்கிழமை வாசிப்பு இருக்கிறது. பெடல் இல்லாமல் சுண்டு விரலால் திருகிச் சமாளித்துக்கொள்வேன். உன் அத்தைக்காக வரலாற்றையே பின்னோக்கி நடக்க வைக்கிறேன் என்று அவளிடம் சொல்.

இப்படிக்கு,
குற்றமற்ற வலது காலின் வழக்கறிஞர்,
உன் மாமா


மார்ச் 21

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். எறும்பு வந்தபோது அத்தையின் உதடு கொஞ்சம் அசைந்தது. வீடு சாய்ந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தலைகீழ்ப் பெடல் வந்ததும் எழுந்தேவிட்டார். "இருக்கிறதுலேயே பெரிய பொய் இதுதான்டி. எறும்பையாவது நம்பலாம்" என்றார். இத்தனை வருஷமாகப் பொய்யை அள்ளிக் கொட்டினால், உண்மை சொல்லும்போது கேட்க ஆள் இருக்கமாட்டார்கள் மாமா. நானே நம்பவில்லை.

நேற்று பார்சல் வந்தது. அத்தையும் கூடவே கடைக்கு வந்து என் மேஜைக்கு எதிரே நின்றுகொண்டார். முதலாளியும் வந்து நின்றார். அடித்தகட்டைத் திருகிக் கழற்றினேன். உள்ளே தூசியும், ஒரு பொத்தானும், பாதி தேய்ந்த கயிறும் இருந்தன. வால்யூம் கண்ட்ரோலின் ஒயர்களைப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் வரவேண்டியது மறு ஓரத்தில் பற்றவைத்திருந்தது. ஈயத்தை அப்பியிருக்கிற அழகைப் பார்த்ததும் இது மாமாவின் கைதான் என்று தெரிந்தது.

அந்தக் கண்ட்ரோலில் சத்தம் சீராக ஏறாது, மெல்லத் தொடங்கிக் கடைசியில்தான் வேகமாக ஏறும். அதைத் தலைகீழாக வைத்தால் முதல் அசைவிலேயே முக்கால்வாசிச் சத்தம் வந்து நின்றுவிடும். அதைக் கட்டுப்படுத்த நீங்கள் குதிகாலை நூல் நூலாக நகர்த்தியிருக்க வேண்டும். முதலாளிக்கு நம்ப முடியவில்லை. "இந்தப் பெடல்ல ஒரு மனுஷன் வாசிச்சாரா? நான்லாம் பாட்டு முடியிறதுக்குள்ள காலை உடைச்சிக்கிட்டிருப்பேன்" என்றார்.

ஒரு பழைய கிட்டாரை மாட்டி, கம்பியைத் தட்டினேன். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே காலை வைத்தார். விரலை அழுத்தினார், ஒன்றும் இல்லை. குதிகாலை அழுத்தினார். அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது.

அத்தையின் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அப்போ குறைக்கலையாடி? கூட்டிக்கிட்டுதான் இருந்தாரா? நான் பேசுறது இன்னும் வேணும்னுதானா அழுத்தினாரு?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். முதலாளிக்கே கண் கலங்கிவிட்டது. டீ வாங்கி வரச் சொன்னார்.

டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் அத்தை பாதியில் நிறுத்தினார்.

"ஏன்டி, எதுக்குக் கூட்டணும்?"

அத்தை தனக்குத்தானே பேசுவது போலச் சொல்லிக்கொண்டே போனார். "கூப்பிட்டா திரும்பமாட்டார். திமிருன்னு நினைச்சேன். போனை எடுக்கமாட்டார். டிவியை அலற விடுவார், கேட்டா அதுல வர்ற ஆளுக்குத் தொண்டை கட்டிருக்குன்னு சொல்வார். நான் எதிரே உக்கார்ந்தாதான் பேச்சுக்குப் பதில் வரும், என் வாயையே பார்த்துக்கிட்டிருப்பார். ஆசையா பார்க்கிறார்னு நினைச்சேன்டி."

மாமா, இதற்கு எறும்பு வேண்டாம். காது கேட்கிறதா உங்களுக்கு?

பெடலில் கயிறு மட்டும் புதிதாகப் போட்டிருக்கிறேன். ஒயரைத் தொடவில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 25

அன்புள்ள மருமகளுக்கு,

குற்றமற்றவன் என்று நிரூபிக்க நானே அனுப்பிய ஆதாரம் என்னைக் கொண்டுபோய்க் கூண்டில் ஏற்றிவிட்டது. உலக வரலாற்றில் தன் வழக்கைத் தானே ஜெயித்து மாட்டிக்கொண்ட ஒரே வக்கீல் நான்தான்.

இந்த வாக்கியத்துக்கு அடுத்து ஒரு பெரிய கதை எழுத உட்கார்ந்தேன். காது மடலுக்குள் சிலந்தி வலை, அதில் சிக்கிய வார்த்தைகள் என்று நன்றாகத்தான் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

கேட்கவில்லையம்மா. முழுக்க இல்லை என்று சொல்லமுடியாது. உன் அத்தையின் குரல் வருகிறது. வார்த்தைகள் ஓரம் தேய்ந்து வருகின்றன. அடுப்படியில் குழாய் திறந்திருந்தாலோ, அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாலோ, பேசுகிறாள் என்பது மட்டும் தெரியும், என்ன என்று தெரியாது. வாசிக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் இருக்கிறது, கட்டை வழியாகக் கையிலேயே ஸ்வரம் தெரியும். மேஜையில்தான் தடுமாறுகிறேன். ஒரு வார்த்தை தப்பினால் கால் தானாகப் போய்க் குதிகாலை அழுத்துகிறது. கீழே பெடல் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குத் தெரியவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று அவள் கேட்பாள். உணவகத்தில் தெரிந்தால், காது போன ஆளை எதற்கு வாசிக்கக் கூப்பிடவேண்டும் என்று நினைப்பார்களே என்று பயம். இன்னொன்றும் உண்டு. சொன்னால் இவள் கத்திப் பேச ஆரம்பிப்பாள். இவள் கத்தி நான் பார்த்ததில்லை. என்னால் அந்தக் குரல் கெட்டுப்போக வேண்டாம் என்று நினைத்தேன். கடைசியில் பேச்சே நின்றுபோகிற அளவுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

சனிக்கிழமை சுண்டு விரலால் திருகி வாசித்தேன். விரல் மரத்துப்போய், பாதிப் பாட்டில் அலறலை அடக்க முடியாமல் போயிற்று. இடைவேளையில் எங்கள் குழுவில் டிரம்ஸ் வாசிப்பவனிடம், காது சரியில்லடா என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க? சத்தமா சொல்லுங்கண்ணே" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. அவனுக்கும் அப்படித்தானாம். பியானோக்காரருக்கு எங்களைவிட மோசமாம். இத்தனை நாளும் நாங்கள் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்து வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவள் வருவாளா என்று உன்னைக் கேட்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. இருந்தாலும் கேட்டு எழுது.

உன் மாமா


மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. அத்தையே வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு, "பட்டமே போடாம வெறும் மாமான்னு கையெழுத்துப் போட்டிருக்காரே, உடம்புக்கு ஏதாவது ஆகிடுச்சா?" என்றார். அரை மணி நேரத்தில் அலமாரியில் இருந்த புடவைகள் பெட்டிக்குள் போய்விட்டன. என் புத்தகங்கள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்துவிட்டன.

அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன்: "வியாழக்கிழமை ரயில்ல வர்றேன். வெள்ளிக்கிழமை காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கி வைக்கணும். அவரே போன் பண்ணி வாங்கணும், முடியலைன்னா நேரா போய் வாங்கணும். நான் கத்தமாட்டேன்னு சொல்லுடி. எனக்குக் கத்தத் தெரியாது. கேக்கலைன்னா அவர்தான் எழுந்து பக்கத்துல வந்து உக்காரணும். ஸ்டேஷனுக்குக் கார் எடுத்துக்கிட்டு வரவேண்டாம், நடந்தே போயிடலாம்."

பெடலை நானே தூக்கிக்கொண்டு போவேன் என்று பிடிவாதமாக இருக்கிறார். இரும்பு மாதிரி கனக்கிறது அத்தை, பார்சலில் போடலாம் என்றால், "தைலம் தேச்சவளுக்குத் தூக்கத் தெரியாதா?" என்கிறார். பழைய புடவை ஒன்றில் சுற்றி வைத்திருக்கிறார்.

அலமாரியில் உங்கள் பெடல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புகைப்படம் வைத்திருக்கிறோம். கீழே முதலாளி தன் கையாலேயே எழுதியிருக்கிறார்: 'இதை வாசிக்க முயல வேண்டாம்.'

அத்தை பேச்சை நிறுத்தாமல் என் பக்கத்திலேயே நிற்பதால் இத்துடன் முடிக்கிறேன். நிம்மதியாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஏப்ரல் 16

அன்புள்ள திருப்புளிக்கு,

மறுபடியும் சொல்கிறேன், நீ நம்பப்போவதில்லை.

காது மருத்துவர் என்னைக் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார வைத்து, காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு காலால் அழுத்தினேன். மருத்துவர் முப்பது வருஷத் தொழிலில் இப்படி ஒரு நோயாளியைப் பார்த்ததில்லை என்று சொல்லி என் பாதத்தைப் படம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு காதிலும் புளியங்கொட்டை அளவு இரண்டு கருவிகளை மாட்டிவிட்டார். மாட்டிய நொடியில் நான் ஒரு அடி உயரம் எழும்பினேன், உன் அத்தை சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அன்றிலிருந்து உலகம் ஒரே கூச்சல். எதிர் வீட்டுச் சுவரில் பூசிய வர்ணம் காயும் சத்தம் கேட்கிறது. தபால்காரர் தெரு முனையில் திரும்பும்போதே அவர் பையில் எனக்குக் கடிதம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன். மேஜைக்குக் கீழே எறும்புகள் கூட்டம் போட்டு, இந்த வீட்டில் ரொட்டித்தூள் குறைந்துவிட்டது என்று தீர்மானம் நிறைவேற்றுகின்றன. பக்கத்துத் தெருவில் ஒருவர் மனைவியிடம் 'ஆமாம்' என்று சொல்லிவிட்டு மனதுக்குள் 'இல்லை' என்று நினைத்தது எனக்கு இங்கே கேட்டது. உன் அத்தை தட்டுகளைத் துடைக்கும்போது ஏதோ மெட்டை முணுமுணுப்பது கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்கிறது. மேகம் ஒன்று இன்னொன்றை உரசிக்கொண்டு போனதற்கு மன்னிப்புக் கேட்டது.

போன சனிக்கிழமை டிரம்ஸ்காரனும் பியானோக்காரரும் தங்கள் காதுக் கருவிகளை மாட்டிக்கொண்டு வந்தார்கள். முதல் பாட்டிலேயே மூன்று பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தோம். இத்தனை வருஷமாக நாங்கள் வாசித்தது இப்படித்தானா என்று பியானோக்காரர் கேட்டார். இரண்டாவது பாட்டுக்குச் சபையில் பாதிப் பேர் மயங்கி விழுந்து, அவர்களைத் தூக்கிக்கொண்டு போக ஏரியிலிருந்து படகுகள் வந்தன.

உன் அத்தை எனக்கு எதிரே உட்காருவதில்லை இப்போது. பக்கத்து நாற்காலிக்கு மாறிவிட்டாள். பேசிக்கொண்டே இருக்கிறாள். உன்னைப் பற்றியும், உன் முதலாளி டீ வாங்கிக் கொடுத்ததைப் பற்றியும், ரயிலில் பெடலை மடியில் வைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்து டிக்கெட் பரிசோதகர் இது என்ன அம்மா, தராசா என்று கேட்டதைப் பற்றியும். எல்லாம் முழு வார்த்தைகளாக வருகின்றன. ஓரம் தேயவில்லை.

நீ இதில் எதையும் நம்பாதே. மருத்துவர் பாதத்தைப் படம் எடுக்கவில்லை. எறும்புகள் தீர்மானம் போடவில்லை. படகு வரவில்லை, சபையில் எட்டுப் பேர்தான் இருந்தார்கள், ஒருவர் சூப்பைக் குடித்துக்கொண்டிருந்தார். பரிசோதகர்கூட வேறு ஏதோ கேட்டிருப்பார்.

ஒன்று மட்டும் நிஜம். தட்டுகளைத் துடைக்கும்போது அவள் முணுமுணுக்கிறாள். எத்தனை வருஷமாக இது நடந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. மெட்டு என்னவென்றும் பிடிபடவில்லை. ஓர் இடத்தில் அரை ஸ்வரம் கீழே இறங்குகிறது, அவளே திருத்திக்கொள்கிறாள். விசாரித்தால் நிறுத்திவிடுவாள். அதனால் நான் வாயைத் திறக்காமல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாமல் தபாலில் போடுகிறேன்.

உன் மாமா